பாப்பாநாயுடுபேட்டையின் பாசிமணி

திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் நடுவே ஒரு கிராமம். அரிக்கமேட்டில் மறைந்துபோன தொழில் அங்கே நம் காலம்வரை பிழைத்திருக்கிறது. யாத்ரிகர்கள் கவனிக்காமல் கடந்து போகிறார்கள்.

ரேணிகுண்டா ஜங்ஷனில் இறங்கும் பயணிகளுக்குப் பெரும்பாலும் இரண்டே திசைகள்தான். மேற்கே போனால் திருப்பதி. வடகிழக்கே போனால் காளஹஸ்தி. முதல் திசையில் பெருமாள், இரண்டாவதில் வாயுலிங்கம். ஒரே நாளில் இரண்டு தரிசனத்தையும் முடித்துக்கொண்டு இரவு ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், நடுவில் இருக்கும் ஊர்களின் பெயர்ப் பலகைகளை யாரும் படிப்பதில்லை. அப்படிப் படிக்கப்படாத பெயர்களில் ஒன்று பாப்பாநாயுடுபேட்டை.

ஏர்ப்பேடு மண்டலத்தைச் சேர்ந்த இந்த ஊர், திருப்பதி விமான நிலையத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை. மலைக்குப் போகும் வி.ஐ.பி.க்கள் இறங்கும் ஓடுபாதைக்குப் பக்கத்துப் பகுதிதான். ஆனால் இந்த ஊரைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் பக்தர்கள் அல்ல. அமெரிக்காவிலிருந்தும் புனேயிலிருந்தும் வந்த ஆய்வாளர்கள். அவர்கள் தேடி வந்தது ஒரு பொருளை: கடுகைவிடச் சற்றே பெரிதாக, நடுவில் துளையோடு இருக்கும் கண்ணாடி மணி. தமிழில் பாசிமணி. தெலுங்கில் பூசலு.

பாசிமணி எந்த ஊர்ச் சந்தையிலும்தான் கிடைக்கும். இதற்காக எதற்கு ஆந்திரா வரை வர வேண்டும்? பதில், மணியில் இல்லை. அதைச் செய்கிற முறையில் இருக்கிறது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் எப்படிக் கண்ணாடியை இழுத்து மணி செய்தார்களோ, ஏறக்குறைய அதே வகையில் செய்யும் கைகள் பிழைத்திருந்த கடைசி ஊர் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டது இந்தப் பாப்பாநாயுடுபேட்டையைத்தான்.

மாவட்டம் மாறிய ஊர்

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வர வழிகள் பல. சென்னையிலிருந்து வருகிறவர்கள் திருத்தணி, புத்தூர் வழியாக ரேணிகுண்டாவை அடைகிறார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் காட்பாடி, சித்தூர், பாக்காலா, திருப்பதி என்று போகிற ரயில் பாதை இருக்கிறது. வழியெங்கும் மாந்தோப்புகள், பாறைக் குன்றுகள், இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிற கடைக்காரர்கள். டீக்கடையில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். கணக்கு மட்டும் தெலுங்கில் போடப்படும்.

இந்த இருமொழிப் பழக்கத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இன்றைய சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் பெரும்பகுதி ஒரு காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமானது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அதோடு போயிற்று. வேங்கடத்தை எல்லையாகக் கேட்டுப் போராடிய ம.பொ.சி.க்கும் தமிழரசுக் கழகத்துக்கும் திருப்பதி கிடைக்கவில்லை. 1960-ல் திருத்தணி மட்டும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. 2022 ஏப்ரலில் ஆந்திர அரசு மாவட்டங்களை மறுபடி வரைந்தபோது திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆய்வு நூல்களில் 'சித்தூர் மாவட்டம், பாப்பாநாயுடுபேட்டை' என்று பதிவான ஊர், இப்போது வரைபடத்தில் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது.

பக்கத்திலேயே இன்னொரு வியப்பு இருக்கிறது. பாப்பாநாயுடுபேட்டையை ஒட்டிய குடிமல்லம். சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்த இந்தச் சிற்றூரின் பரசுராமேஸ்வரர் கோயிலில் இருப்பது, இந்தியாவில் இன்றும் வழிபாட்டில் உள்ள மிகப் பழைய லிங்கங்களில் ஒன்று. ஐந்தடி உயர லிங்கம்; அதன் முன்புறத்தில், ஒரு குள்ள உருவத்தின் தோள்மேல் நிற்கும் சிவன். கி.மு. காலத்தைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டி.ஏ. கோபிநாத ராவ் இதைப் பற்றி எழுதிய பிறகு, இந்தியச் சிற்ப வரலாறு எழுதுகிற யாரும் குடிமல்லத்தைத் தவிர்க்க முடியவில்லை. யானையின் பின்புறம் போல வளைந்த கருவறை, தமிழ்க் கல்வெட்டுகள் என்று தமிழ் வாசகர்களுக்குப் பரிச்சயமான அடையாளங்களும் இங்கே நிறைய.

ஆக, சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் ஈராயிரம் ஆண்டுப் பழைய விஷயங்கள் இரண்டு. ஒன்று கல். மத்தியத் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது. அறிவிப்புப் பலகை உண்டு. சேதப்படுத்தினால் சட்டப்படி தண்டனையும் உண்டு. மற்றது கைத்திறன். அதைப் பாதுகாப்பது மணி வாங்க வருகிற வியாபாரி மட்டுமே.

உலையும் லாடாவும்

பாப்பாநாயுடுபேட்டை மணியின் கதையில் முக்கியப் பாத்திரம் ஒரு இரும்புக் குழாய். பெயர் லாடா. ஆய்வு நூல்களில் இந்தத் தொழில்நுட்பத்துக்கே 'லாடா முறை' என்றுதான் பெயர்.

முதலில் உலை. விறகு எரியும் மண் உலைக்குள் கண்ணாடி உருகிக் கூழாகிறது. நிறம் தருவது உலோகங்கள். செம்பு சேர்த்து, காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தினால் செங்கல் சிவப்பு வரும். கோபால்ட் சேர்த்தால் நீலம். உருகிய கண்ணாடியை நீளமான லாடாவின் முனையில் சுற்றிச் சுற்றி எடுத்து, தட்டையான பரப்பில் உருட்டி, கூம்பு வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கண்ணாடி ஆறினால் இறுகிவிடும். மறுபடி உலைக்குள் காட்டி இளக்க வேண்டும். கனமான கூம்பைச் சுமக்கும் நீண்ட இரும்பைத் திருப்புவதும் தாங்குவதும் ஒருவரால் ஆகிற காரியமல்ல. உலை எரியும்போது அங்கே ஒரு குழுவே வேலை செய்யும்.

அடுத்த கட்டம்தான் ரகசியம். லாடா உள்ளே துளையுள்ள குழாய். அதற்குள் இன்னொரு இரும்புக் கம்பியைச் செலுத்தி, முனையில் இருக்கும் கண்ணாடிக் கூம்பைக் குத்தித் துளைக்கிறார்கள். இப்போது கூம்பின் நடுவில் ஓட்டை. உலையின் ஒரு வாய் வழியாக லாடா கண்ணாடியை உள்ளே நீட்டிக்கொண்டிருக்க, எதிர் வாயில் தலைமைத் தொழிலாளி காத்திருக்கிறார். ஒரு கொக்கியால் கூம்பின் நுனியைப் பற்றி வெளியே இழுக்கிறார். கண்ணாடி நூலாக நீள்கிறது. கூடவே நடுவில் இருக்கும் ஓட்டையும் நீள்கிறது. முடிவில் கிடைப்பது, உள்ளே துளை ஓடும் மெல்லிய கண்ணாடிக் குழல்.

முதல் இழுப்பு சரியாக அமைந்துவிட்டால், பிறகு கை மாற்றிக் கை மாற்றி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சில மணி நேரம் நிறுத்தாத வேலை இது. வேகமாக இழுத்தால் குழல் மெலியும். நிதானமாக இழுத்தால் தடிக்கும். அளவுகோல் எதுவும் கிடையாது. உலையின் சூடு, கண்ணாடியின் இளக்கம், இழுக்கிற வேகம் மூன்றும் கைக்குத் தெரிய வேண்டும். வெளியே வரும் குழலை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக ஒடித்து அடுக்குகிறார்கள். கூம்பு தீர்ந்ததும் லாடாவின் முனையில் மிஞ்சுவது ஒரு கண்ணாடிக் கட்டி. கழிவு என்று தள்ளப்படும் இந்தக் கட்டிக்கு இந்தக் கதையில் பின்னால் வேலை இருக்கிறது.

உலை வேலை முடிந்ததும் பெண்களின் வேலை தொடங்குகிறது. குழல்களைக் கற்றையாகப் பிடித்து, நிமிர்த்தி வைத்த கத்தி முனையில் தட்டித் தட்டிச் சின்னச் சின்னத் துணுக்குகளாக நறுக்குகிறார்கள். இவை இன்னும் மணி அல்ல. ஓரம் கூரான கண்ணாடித் துண்டுகள். இவற்றைச் சாம்பலோடு பிசறித் துளைகளில் சாம்பலை அடைத்து, தட்டில் போட்டு மறுபடி சூடேற்றிக் கிளறுகிறார்கள். சூட்டில் ஓரங்கள் மழுங்கி உருண்டையாகின்றன. சாம்பல் இருப்பதால் துளை மூடிக்கொள்வதில்லை. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் இல்லை. பிறகு சல்லடையில் சலித்து, அளவுவாரியாகப் பிரித்து, சரமாகக் கோக்க வேண்டும். நீளமான ஊசிகள் பலவற்றை விசிறிபோல விரலிடுக்கில் பிடித்து, மணிகள் நிறைந்த தட்டில் குத்திக் குத்தி எடுக்கும் வேகத்தில், மணிகள் தாமாகவே ஊசியில் ஏறுவது போலத் தோன்றும்.

இவ்வளவும் செய்து கிடைக்கும் மணியின் குறுக்களவு சில மில்லிமீட்டர்.

குப்பை சொன்ன சேதி

இனி அரிக்கமேடு. புதுச்சேரிக்குச் சற்றுத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் மண்மேடு. 1930களில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞரின் கவனத்துக்கு வந்த இந்த இடத்தை, 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். ரோமானிய மது ஜாடிகளும் இத்தாலியப் பாண்ட ஓடுகளும் வெளிவந்தன. பெரிப்ளஸ் என்ற கிரேக்க நூல் குறிப்பிடும் 'பொதுகே' துறைமுகம் இதுதான் என்பது ஆய்வாளர்களின் முடிவு. 1947 முதல் 1950 வரை ழான்-மரி கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று அகழாய்வுகள் தொடர்ந்தன.

ரோமானியப் பொருட்கள் தலைப்புச் செய்திகளைப் பிடித்துக்கொண்டன. ஆனால் அரிக்கமேட்டு மண்ணில் அவற்றைவிட அதிகமாகக் கிடைத்தது மணிகள். மழை பெய்து ஓய்ந்தால் கண்ணாடி மணிகள் தரையிலேயே தென்படும்; பக்கத்துச் சிறுவர்கள் பொறுக்குவார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என்று ஒற்றை நிறத்தில் பொடிப்பொடியான மணிகள். கூடவே உடைந்த கண்ணாடிக் குழல்கள், உருகிய கட்டிகள். இங்கே மணிகள் விற்கப்பட்டது மட்டுமல்ல, செய்யப்பட்டும் இருக்கின்றன என்பது தெளிவாயிற்று. எப்படிச் செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

குழலை இழுத்து நறுக்கினார்கள் என்பது மணியைப் பார்த்தாலே தெரியும். ஆனால் கண்ணாடிக் குழலை இழுக்க ஒரே வழிதான் என்றில்லை. வெனிஸ் நகரத்தில் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இப்படிக் குழல் இழுத்து மணி செய்திருக்கிறார்கள். அங்கே குழாயால் ஊதிக் கண்ணாடிக்குள் குமிழி உண்டாக்கி, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் ஓடுவார்கள். அரிக்கமேட்டிலும் அப்படித்தானா?

விடை கிடைத்தது புத்தகத்தில் அல்ல, பாப்பாநாயுடுபேட்டை உலையடியில். மணிகளின் வரலாற்றையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டிருந்த அமெரிக்கர் பீட்டர் பிரான்சிஸ் 1980களில் இந்த ஊரின் தொழிலைக் கவனமாகப் பதிவு செய்தார். லாடாவின் முனையில் மிஞ்சுகிற கண்ணாடிக் கழிவு எப்படிப்பட்டது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அரிக்கமேட்டுக் கழிவுகளை ஆராய்ந்தபோது, லாடா முறையில் மட்டுமே விழக்கூடிய துண்டுகளை அவரால் அடையாளம் காண முடிந்தது. ஈராயிரம் ஆண்டுப் பழைய குப்பையைப் படிக்கும் அகராதியாக ஆந்திரக் கிராமத்தின் உலை உதவியது. உலை முன்பே அணைந்திருந்தால் அரிக்கமேட்டுக் கட்டிகள் வெறும் கட்டிகளாகவே இருந்திருக்கும்.

இந்த மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்ற பெயரைப் பரப்பியவரும் பிரான்சிஸ்தான். பெயருக்குக் காரணம், அவை போய்ச் சேர்ந்த தூரம். மேற்கே ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து கிழக்கே கொரியா, ஜப்பான் வரை அகழாய்வுகளில் இவை கிடைத்திருக்கின்றன. கி.பி. 523-ல் இறந்த கொரிய மன்னர் முரியோங்கின் கல்லறை 1971-ல் திறக்கப்பட்டபோது இந்த வகை மணிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. இலங்கையில் மன்னாருக்கு அருகே திருக்கேதீஸ்வரத்தை ஒட்டிய மாந்தை, தாய்லாந்தின் கிலோங் தோம், வியட்நாமின் ஓக் இயோ என்று கடலோரத் துறைமுகங்களில் இதே மணிகளைச் செய்யும் பட்டறைகள் தோன்றின. மிளகும் முத்தும் போன கப்பல்களில் இந்தத் தொழில்நுட்பமும் போயிருக்கிறது. இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளில் சிவப்பு நிறப் பழைய மணிகளுக்கு 'முத்திசாலா' என்று பெயர். தலைமுறை தலைமுறையாகக் குடும்பச் சொத்தாகக் காக்கப்படும் அவை, சீதனமாகவும் கைமாறுகின்றன.

தமிழ்நாட்டிலேயே அரிக்கமேடு ஒரு தொடக்கம் மட்டும்தான். பழனிக்கு அருகே பொருந்தலில் கே. ராஜன் தலைமையில் 2009-10-ல் நடந்த அகழாய்விலும் கீழடியிலும் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. ஆனால் தமிழ்நாட்டுக் கடற்கரையில் லாடாவைத் தெரிந்தவர்கள் இன்று யாரும் இல்லை. மாந்தையிலும் இல்லை, ஓக் இயோவிலும் இல்லை. கடற்கரையில் மறைந்த தொழில், கடலிலிருந்து உள்ளே தள்ளி, சுவர்ணமுகி ஓரத்து ஊரில் ஒதுங்கிப் பிழைத்தது. 2002-ல் பிரான்சிஸ் மறைந்தார். அவருக்குப் பின் இந்தப் பணியைத் தொடர்ந்த இந்தியத் தொல்லியலாளர் அலோக் குமார் கனுங்கோ, பாப்பாநாயுடுபேட்டையை மையமாக வைத்து எழுதிய தனி நூல் 2016-ல் வெளிவந்தது.

எடைக்கு எடை

அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பாதுகாக்கப்படும் மணியின் நேர் வாரிசு, சந்தையில் எப்படி விற்கிறது? மூட்டையாக, எடை போட்டு.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. வாங்குகிறவருக்கு இது இரண்டாயிரம் ஆண்டுத் தொழில்நுட்பம் அல்ல. விலை மலிவான மணி. செக் நாட்டிலும் ஜப்பானிலும் இயந்திரங்கள் இழுக்கும் மணிகள் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் இருக்கின்றன. சீன மணிகளோ விலையில் போட்டியிடுகின்றன. எம்பிராய்டரி வேலைக்கும் நகைத் தயாரிப்புக்கும் சீரான அளவு தேவை என்று கேட்கும் வியாபாரியிடம், கையால் இழுத்த மணியின் ஏற்ற இறக்கம் ஓர் அழகு என்று வாதாடிப் பயனில்லை. அதற்கும் கீழே பிளாஸ்டிக் மணிகள் இருக்கின்றன. திருப்பதி, காளஹஸ்திக் கோயில் வாசல்களில் குவிந்திருக்கும் மாலைகளில் கைக்கு எடையே தெரியாத மணிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் போட்டியின் அளவு புரியும்.

கூடுகிற செலவு ஒருபுறம். உலையை நினைத்த நேரத்தில் பற்றவைத்து நினைத்த நேரத்தில் அணைக்க முடியாது. சூடேறவே நேரமும் விறகும் ஏராளமாக வேண்டும். எனவே போதுமான ஆர்டர் சேர்ந்தால்தான் உலை மூட்டுவது கட்டுப்படியாகும். ஆர்டர் குறைந்தால் உலை எரியும் நாட்கள் குறையும். நாட்கள் குறைந்தால் குழு கலையும். தனி ஆளாகச் செய்ய முடிகிற தொழிலாக இருந்தால், ஒரு கிழவர் தன் வீட்டுத் திண்ணையில் பிடிவாதமாகச் செய்துகொண்டிருப்பார். ஒரு பேரன் பார்த்துக் கற்றுக்கொள்வான். லாடாவுக்கு அந்த வசதி இல்லை. கூம்பு உருட்டுபவர், துளைப்பவர், இழுப்பவர், உலை பார்ப்பவர் என்று எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒருவர் விலகினால் மற்றவர்களின் திறமையும் பயனற்றுப் போகும்.

வேலையும் சுகமானதல்ல. வெயிலுக்குப் பெயர்போன ராயலசீமை மண்ணில், உலை வாயில் நின்று மணிக்கணக்காக இழுக்க வேண்டும். நறுக்கும்போது கண்ணாடிப் பொடி, உருட்டும்போது சாம்பல் தூசி. பக்கத்திலேயே வேறு உலகம் வளர்ந்திருக்கிறது. ரேணிகுண்டா, ஏர்ப்பேடு வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. அப்பா நின்ற உலை வாயைவிட, சீருடையும் மாதச் சம்பளமும் தரும் அசெம்பிளி லைன் மேல் என்று ஒரு இளைஞர் முடிவெடுத்தால் அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பழைமையைக் காப்பாற்றும் பொறுப்பை அதனால் மிகக் குறைவாகச் சம்பாதிப்பவர்கள் தலையில் மட்டும் சுமத்துவது எளிது, நியாயமல்ல.

கலம்காரி காட்டிய வழி

மாற்று வழி இல்லையா? அதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. பாப்பாநாயுடுபேட்டையிலிருந்து இன்னும் சிறிது தூரம் போனால் காளஹஸ்தி. மூங்கில் பேனாவால் துணியில் புராணக் காட்சிகளை வரையும் கலம்காரியின் ஊர். கடுக்காயும் பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்து, வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் சேர்ந்து புளித்த கறுப்பு மையால் கோடு போட்டு, சுவர்ணமுகி நீரில் அலசி எடுக்கும் கலை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தக் கலையும் முடிந்துபோகிற நிலைக்கு வந்துவிட்டது. கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியில் 1957-ல் காளஹஸ்தியில் அரசுப் பயிற்சி மையம் தொடங்கியது. தெரிந்த சில பெரியவர்களிடமிருந்து ஒரு புதிய தலைமுறை கற்றுக்கொண்டது. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஜே. குரப்ப செட்டி 2008-ல் பத்மஸ்ரீ பெற்றார். காளஹஸ்தி கலம்காரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று டெல்லி, மும்பை கண்காட்சிகளில் அதற்கென்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரே ஆறு, ஒரே வட்டாரம். ஒரு கலை எழுந்தது, மற்றது தடுமாறுகிறது. காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. கலம்காரித் துணி ஒரு முடிந்த பொருள், சுவரில் மாட்டலாம். அதில் ராமாயணம் இருக்கிறது, வரைந்தவரின் பெயர் இருக்கிறது. பாசிமணியோ கச்சாப் பொருள். வேறு யாரோ கோத்து, வேறு யாரோ தைத்து, வேறு பெயரில் விற்கிற பொருளின் மிகச் சிறிய பகுதி. மணியில் யாரும் கையெழுத்துப் போட முடியாது. ஊர்ப் பெயர்கூட அதோடு பயணம் செய்வதில்லை. இந்த வகையில் பாப்பாநாயுடுபேட்டை அரிக்கமேட்டின் உண்மையான வாரிசுதான்: கொரிய மன்னரின் கல்லறைக்குப் போன மணிகளைச் செய்தவர்களின் பெயரும் யாருக்கும் தெரியாது.

ஆனால் கலம்காரியின் அனுபவம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. அது தானாகப் பிழைக்கவில்லை. தெரிந்தவர்கள் உயிரோடு இருந்த காலத்திலேயே, சம்பளம் கொடுத்துக் கற்பிக்கச் சொன்னதால் பிழைத்தது. மணிக்கும் அதே கணக்குதான். வருடத்தில் சில முறையாவது உலை மூட்டும் செலவை ஓர் அரசுத் துறையோ அருங்காட்சியகமோ ஏற்றால், குழு கலையாமல் இருக்கும். அருங்காட்சியகங்களின் விற்பனைக் கூடங்களில் 'அரிக்கமேட்டு முறையில் செய்தது' என்ற சீட்டோடு ஒரு சரம் வைத்தால், எடைக்கு விற்கும் பொருள் எண்ணி விற்கும் பொருளாகும். ஏர்ப்பேட்டில் 2015-ல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.டி.யின் வளாகம் இருக்கிறது. கண்ணாடியின் வேதியியலையும் உலையின் வெப்பத்தையும் படிக்கிற மாணவர்களுக்கு இதைவிடப் பக்கத்தில், இதைவிடப் பழைய ஆய்வுக்கூடம் எங்கும் கிடைக்காது. விறகையும் தூசியையும் குறைக்கும் உலை ஒன்றை அவர்கள் வடிவமைத்தால், வேலை செய்பவரின் நுரையீரலுக்கும் நல்லது.

பார்த்து வாங்க

கையால் இழுத்த மணியை எப்படி அடையாளம் காண்பது? ஒரு சரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். எல்லா மணியும் ஒரே உயரத்தில், ஒரே தடிமனில் இருந்தால் இயந்திரம். ஒன்று சற்றே நீளம், அடுத்தது சற்றே குட்டை, ஓரங்களில் சிறு வேறுபாடு என்றால் கத்தி முனையில் நறுக்கியிருக்கலாம். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. மணிக்குள் தெரியும் மெல்லிய கோடுகளும் நீண்ட காற்றுக் குமிழிகளும் துளையின் திசையிலேயே ஓடினால், அது இழுத்துச் செய்தது. துளையைச் சுற்றி வளைந்தால், கம்பியில் கண்ணாடியைச் சுற்றிச் செய்தது. உத்தரப் பிரதேசத்தின் புர்தில்பூர் மணிகள் இந்த இரண்டாம் வகை. பிளாஸ்டிக்கைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கண்ணாடி தொட்டால் குளிர்ச்சி. கையில் எடை தெரியும்.

போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: இது சுற்றுலாத் தலம் அல்ல. டிக்கெட் கவுன்டரும் வழிகாட்டியும் கிடையாது. நினைத்த நாளில் போனால் உலை எரிய வேண்டும் என்பதும் இல்லை. உலை குளிர்ந்திருந்தால் குடிமல்லத்துக்குப் போய் லிங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்; அது எப்போதும் இருக்கும் இடத்தில் இருக்கும். உலை எரிகிற நாளாக அமைந்துவிட்டால், சற்று எட்டி நின்று, கேட்டுக்கொண்டு பார்க்கலாம். கொக்கி உள்ளே போய், சிவந்த நூலோடு வெளியே வரும் அந்தக் கணத்தை வீலரோ கசாலோ அரிக்கமேட்டில் எவ்வளவு ஆழம் தோண்டியும் பார்த்திருக்க முடியாது. திரும்பும்போது ஒரு சரமாவது வாங்கினால், அடுத்த முறை உலை மூட்டுவதற்கான ஆர்டரில் அதுவும் சேரும்.